நீலத்தோல் எல்ஃபின் பூர்வீகம்

1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வந்தபோது, அதில் குள்ளர் இனத்துக்கு 6-ஆம் நிலைக்கு மேல் பதவி உயர்வு கிடையாது. ஹாபிட்டுகளுக்கு 4-ஆம் நிலையோடு சரி. மனிதனுக்கு மட்டும் வரம்பே இல்லை. விதியை எழுதியவர்கள் எந்த இனம் என்று கேட்க வேண்டாம்.

இப்போது அந்தக் கெடுபிடி போய், அவரவர் சொந்த உலகத்தைப் படைத்துக்கொள்கிறார்கள். பிரம்மாவின் வேலை சுலபமாகிவிட்டது: எல்ஃப் என்ற பழைய கற்பனை இனத்தை எடு, தோலுக்கு நீலம் அடி, பெயரின் நடுவே ஓர் ஒற்றை மேற்கோள் குறியைச் செருகு. புது இனம் தயார். கூடவே கட்டுக்கட்டாக வரலாறு, இரண்டு பிரளயம், ஈமச்சடங்கு முறை. ஆட்டக்காரர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுக் கேட்பது ஒன்றே: "இருட்டில் கண் தெரியுமா?" (தெரியும், 60 அடி. முக்கால்வாசி இனங்களுக்குத் தெரிகிறது. தீப்பந்தம் விற்பவன் பாடுதான் திண்டாட்டம்.)

ஆனால் எல்ஃபின் வயதில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. 2014 பதிப்பின்படி 750 வயதுவரை வாழலாம். 100 வயது வாக்கில்தான் பெரியவன். அவனும் 18 வயது மனிதப் பொடியனும் முதல் நிலையில் ஒரே தேர்ச்சியோடு புறப்படுகிறார்கள். 100 வருடமாக வீட்டில் என்னதான் செய்துகொண்டிருந்தான்? பெற்றவளைத்தான் கேட்க வேண்டும். அவசரமில்லை, அவள் இன்னும் சில நூற்றாண்டு இருப்பாள்.