சம்மாந்துறைச் சேறும் திறந்த தரவும்

கேள்வி: உலகத்து மரபணுக்களையெல்லாம் திரட்டி, யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்களாமே, அதில் கல்முனைக்கும் பங்குண்டா?
– வாசகர் ஒருவர், சாய்ந்தமருது

பதில்: வாசல் வரை வந்திருக்கிறோம். 2015இல் நிறைவுற்ற ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்ட’த்தில் 26 சமூகங்கள், 2,504 பேர். அவர்களில் 102 பேர் இலங்கைத் தமிழர். ஆனால் பிரித்தானியாவில் வாழ்வோர். அம்பாறைக் கரை முஸ்லிம்களுக்கென்று தனி வரிசை இல்லை. நம்மவர் நோய்களைப் பிறர் தரவை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறதே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

நுண்ணுயிர்கள் விஷயத்தில் வேலை சுலபம். அவற்றிடம் சம்மதக் கையெழுத்து வாங்கத் தேவையில்லை! ‘புவி நுண்ணுயிர்த் திட்டம்’ 2017இல் 43 நாடுகளின் 27,751 மாதிரிகளைப் பொதுவில் வைத்தது. ஆனால் சம்மாந்துறை வயலில் ஒரு பிடி சேற்றை அள்ளி டி.என்.ஏ. வாசித்துவிட்டால் போதாது. எந்த நாள் அள்ளியது, எவ்வளவு ஆழம், தண்ணீரில் உப்பு எத்தனை, பெரும்போகமா சிறுபோகமா, யூரியா போட்டு எத்தனை நாள் என்பதெல்லாம் கூடவே எழுதப்படாவிட்டால் அது விலாசமில்லாத கடிதம். பிறகு வரும் ஆய்வாளர் அதை எதோடும் ஒப்பிட முடியாது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. மாணவர்கள் வயலில் இறங்கட்டும். திரும்பும்போது எருமைத் தயிர்ச் சட்டியிலும் ஒரு கரண்டி மாதிரி எடுக்கட்டும். மிச்சத்தைச் சாப்பிடத் தடையில்லை.