கருத்துக்கு றீலோட்

அக்காவின் மகன் கோண்டாவில் பக்கம் ஒரு மதகில் குந்தியிருந்து உழைக்கிறான். வேலை, கருத்துச் சொல்வது. எந்த ஷாம்பூ நுரைக்கும், எந்த பிஸ்கட் மொறுமொறுக்கும், எந்த வங்கியின் விளம்பரம் நெஞ்சைத் தொட்டது என்று போனில் ஒரு செயலி கேள்வி அனுப்பும். பெருவிரலால் அழுத்துவான். புள்ளி விழும். புள்ளி சேர்ந்தால் றீலோட். அந்த றீலோட்டில் டேட்டா போட்டு இன்னும் கருத்துச் சொல்வான். செக்குமாட்டுக்கும் இப்படித்தான், சுற்றச் சுற்றப் பிண்ணாக்கு.

"மாமா, எனக்கு வங்கிக் கணக்கே இல்லை. என்னட்டைப் போய் அபிப்பிராயம் கேக்கிறாங்கள்" என்று சிரித்தான். சிரிப்புக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறந்து இருபது வருடத்தில் "உங்கள் கருத்து எமக்குப் பெறுமதியானது" என்று அவனுக்குச் சொன்ன முதல் ஆள் அந்தச் செயலிதான். வீட்டில் நாங்கள் சொன்னது, "வாயைப் பொத்திக்கொண்டு படி."

போன கார்த்திகையில், மாவீரர் நாளுக்கு, அதே பெருவிரல் முகநூலில் ஒரு படத்தைப் போட்டது. ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு கார்த்திகைப்பூ. எழுத்து ஒன்றுமில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அக்கா போனைப் பறித்தாள். "நாலாம் மாடிக்குப் போகப் போறியோடா?" கொழும்பில் பொலிஸ் விசாரிக்கிற மாடி அது. படம் அழிந்தது. அந்தக் கருத்துக்குப் புள்ளி விழவில்லை.

அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடாதீர்கள். 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரில் மட்டும் 'தற்காலிக ஏற்பாடுகள்' அப்படியே இருந்தது. முகநூலில் படம் போட்ட பெடியளை அந்தச் சட்டம்தான் அள்ளிக்கொண்டு போனது. மன்னார்ப் பக்கத்து அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்று ஒரு கவிதைப் புத்தகம் போட்டார். 2020 மேயில் பிடித்தார்கள். 19 மாதம் உள்ளே. 2023 டிசெம்பரில் நீதிமன்றம் குற்றமில்லை என்றது. அந்த 19 மாதத்தை எந்தச் செயலியில் மீளப் பெறுவது? இது போதாதென்று 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. இணையத்தில் எது மெய், எது பொய் என்று பார்க்க ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு. பிஸ்கட் மொறுமொறுக்குதா என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். பெரிய மனசு.

எங்கள் ஊர் ஒருகாலமும் கருத்துக்குப் பஞ்சப்பட்டதில்லை. சந்திக்குச் சந்தி வாசிகசாலை வைத்த சனம். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்களோடு 1927இல் காந்தியைக் கூட்டிவந்தது. பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நாலு ஆசனமும் 1934 வரை காலி. அது சரியோ பிழையோ என்று இன்றைக்கும் அடிபடுகிறோம். ஆனால் அந்தப் பெடியளிடம் ஒருவரும் வந்து, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் உங்கள் திருப்தி எத்தனை என்று கேட்கவில்லை.

பிறகு துவக்குகள் வந்தன, எல்லாப் பக்கமும். 1989 செப்டெம்பர் 21, திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம. வயது 35. 'முறிந்த பனை' என்ற புத்தகத்தில் ஒரு தரப்பையும் மிச்சம் வைக்காமல் கருத்துச் சொன்னவர். சுட்டது ஆர் என்ற கேள்விக்கு ஊர் இன்னும் மெல்லிய குரலில்தான் பதில் சொல்லுகிறது.

இப்போது துவக்கு இல்லை, பயிற்சிப்பட்டறை இருக்கிறது. நகரத்து ஹோட்டல் ஒன்றில் 'நல்லிணக்கத்தில் இளையோர் குரல்' மாதிரி ஒரு தலைப்பில் நடந்த பட்டறைக்கு மொழிபெயர்க்கப் போனேன். யார் நடத்தியது என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே அச்சுத்தான். ஏசி, வரவுக் கையெழுத்து, போக்குவரத்துப் படி, பகலுக்குப் புரியாணி. கருத்தை மஞ்சள் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். வாய் திறந்தவர்களுக்கு ஆளுக்கொரு சொக்லேட். நேர்சரிப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்கிற வேலை.

ஒரு பிள்ளை எழும்பினாள். "எங்கட அம்மம்மாவின்ர காணி தையிட்டியில. 1990இல விட்டிட்டு ஓடினது. இப்ப அந்தப் பக்கம் விகாரை நிக்குது. அதைப் பற்றிக் கதைக்கலாமோ?"

நடத்துநர் நல்ல மனிசன், முகம் சுளிக்கவில்லை. "அருமையான கருத்து. அதை வாகனத் தரிப்பிடத்தில விடுவம்" என்றார். அப்படி ஒரு தாள் சுவரில் தனியாகத் தொங்கும். நிகழ்ச்சிநிரலில் இல்லாததெல்லாம் அங்கே போய்த் தரிக்கும். பிள்ளைக்குச் சொக்லேட் கொடுத்தார்கள்.

மேலே இருக்கிறவர்களும் இதே தாளைத்தான் தொங்கவிடுகிறார்கள். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி ஊரூராகப் போய்ச் சனத்தின் வாய்மொழியைக் கேட்டது. 7,000க்கும் மேற்பட்ட கருத்துகள். தாய்மார் அழுது சொன்னது, பெடியள் கோபத்தில் சொன்னது. 2017 ஜனவரியில் அறிக்கையைக் கையளித்தபோது வாங்கிக்கொள்ள ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. அது எந்தத் தரிப்பிடத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ.

பட்டறை முடிய பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். மஞ்சள் துண்டுகளை எண்ணி, கடித உறைக்குள் போட்டு, அறிக்கைக்கென்று பத்திரமாக எடுத்துப் போனார்கள். வாகனத் தரிப்பிடத் தாளை மட்டும் ஆரும் தொடவில்லை. மேசை துடைக்க வந்த ஹோட்டல் பெடியன் அதைக் கிழித்தெடுத்து, மிஞ்சின ரோல்ஸ் நாலைச் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோனான்.