தேர்வாளர் மகாத்மியம்

1787-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்தில் கூடி அமெரிக்க அரசியல் சாசனத்தை வகுத்த கனவான்கள், ஜனாதிபதியைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைப் பாமர ஜனங்களிடம் நேரே ஒப்படைக்கத் தயங்கி, பக்தனுக்கும் சுவாமிக்கும் நடுவே நிற்கும் அர்ச்சகரைப் போல, தேர்வாளர் என்றொரு வர்க்கத்தை நடுவில் நிறுத்தி வைத்தார்கள். விவேகம் நிரம்பிய இவர்கள் தீர ஆலோசித்து உத்தமனையே தெரிந்தெடுப்பார்கள் என்று அந்தக் கனவான்களுள் ஒருவரான ஹாமில்டன் சமாதானமும் எழுதினார்.

அந்த விவேகத்தின் விசேஷத்தைப் பாருங்கள். 1872-இல், தோல்வியுற்ற வேட்பாளர் ஹோரஸ் கிரீலி, தேர்வாளர்கள் வாக்களிக்கும் நாளுக்கு முன்பே காலஞ்சென்றுவிட, ஜார்ஜியாவின் தேர்வாளர் மூவர் சற்றும் மனந்தளராது அந்தப் பரலோகவாசிக்கே வாக்களித்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் சபை அந்த வாக்குகளை எண்ண மறுத்தது. (எண்ணியிருந்தாலும் அவர் பதவியேற்க வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.) 2004-இல் மின்னசோட்டாவின் தேர்வாளர் ஒருவர், உபஜனாதிபதி வேட்பாளரான எட்வர்ட்ஸின் பெயரை ஜனாதிபதிக்குரிய சீட்டில் எழுதினார், அதிலும் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்.

2000-இல் ஜனங்களிடம் ஐந்து லட்சத்துக்கு மேல் அதிக வாக்குகள் பெற்ற அல் கோரும், 2016-இல் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் பெற்ற ஹிலாரி கிளின்டனும் தேர்வாளர் கணக்கில் தோற்றவர்களாய் வீடு திரும்பியதைச் சிறு மாநிலங்களின் நலன் கருதிய ஏற்பாடு என்று வியாக்கியானம் செய்யும் பண்டிதர்களுக்குக் குறைவில்லை. ஆனால் வேட்பாளர்களோ பிரசாரத்துக்குச் சிறு மாநிலமான வயோமிங் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. கவர்னரையும் செனட்டரையும் நேரே தெரிந்தெடுக்க யோக்கியதையுள்ள ஜனங்களுக்கு, ஜனாதிபதி விஷயத்தில் மட்டும் புத்தி மட்டுப்பட்டுவிடும் போலும்! சாசனத்தைத் திருத்தி இந்தத் தேர்வாளர் முறையை ஒழிக்க வேண்டுமாயின் 50 மாநிலங்களில் 38 சம்மதிக்க வேண்டும். அவற்றுள் இந்த ஏற்பாட்டால் அனுகூலம் அடையும் மாநிலங்களும் அடக்கம்.