வெடிக்காது ஐயா, வெடிக்காது

அனுப்புநர்: ஈக்கோ வேனில் குடித்தனம் நடத்திய குற்றத்துக்காக நடுரோட்டில் நிறுத்தப்பட்ட ஒருத்தி, சிவகாசி.
பெறுநர்: சாலையிலும் கடற்கரையிலும் கண்ணிமைக்காமல் எங்களைக் காத்து நிற்கும் மேன்மை பொருந்திய துறையின் மேலிடம்.
பொருள்: எங்கள் குக்கர் வெடிக்காது என உறுதியளித்தல் தொடர்பாக.

ஐயா,

போன சனிக்கிழமை ராத்திரி கடற்கரைச் சாலையில் தங்கள் சோதனைச் சாவடி ஒன்றில் எங்கள் குக்கர், போர்வை, தலையணை, என் உள்பாவாடை, பிரித்த சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் எல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பப்பட்டு, டார்ச் வெளிச்சத்தில் தங்கள் மேலான பார்வைக்கு ஆளாகும் பாக்கியம் பெற்றன. போகிற லாரிக்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் தரிசனம் கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

எந்தச் சாவடி, எந்த அலுவலர் என்று எழுதப்போவதில்லை. பெயர் போட்டால் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிடும் என்று பயம்.

அவர் முதலில் கேட்டது நியாயமான கேள்விதான். "பீடி இலையா, மஞ்சளா, கடல் அட்டையா?" அந்தக் கரையிலிருந்து இலங்கைக்கு எதெது போகிறது என்பது எங்களுக்கும் பேப்பரில் படித்துத் தெரியும். குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள்தூள் டப்பாவை நானே திறந்து காட்டினேன். மோந்து பார்த்தார், தும்மினார். அது வெடிக்காது ஐயா என்று அப்போதே சொன்னேன். பிறகுதான் டார்ச் நம்பர் பிளேட்டுக்கு இறங்கியது. டி.என். 67. அவர் முகத்தில் ஒரு பிரகாசம். "விருதுநகரா, சிவகாசியா?"

சிவகாசி என்று என் வீட்டுக்காரர் சொன்னதோடு எங்கள் சுற்றுலா முடிந்தது.

"நாக்பூர் லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா?" என்றார். பட்டாசு ஆலைக்கு யார் யாரிடம் உரிமம் வாங்குவார்கள் என்ற விஷயம் தெரிந்தவர்தான். என் வீட்டுக்காரர் லேபிள் அச்சடிக்கிறவர். நான் காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறவள். நாங்கள் இதுவரை உருவாக்கியதிலேயே ஆபத்தான பொருள் ராகு காலம் தப்பாக அச்சான ஒரு தினசரிக் காலண்டர். அதுவும் வெடிக்கவில்லை. அலுவலர் நம்பவில்லை. சிவகாசிக்காரன் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தாலும் அதற்குத் திரி எங்கே என்று தேடுவது நாட்டு வழக்கம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

குக்கரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்கள். வெயிட்டைத் தனியே கழற்றி, இது எதற்கு என்றார்கள். மூன்று விசிலுக்கு என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவுக்குள் ஒருவர் விரலை விட்டுப் பார்த்தார். விரலை எடுத்ததும் வாயில் வைத்தார். அதுவும் ஒரு சோதனை முறை போலும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தட்டிப் பார்க்கப்பட்டது. உடன்குடிக் கருப்பட்டி உருண்டையைக் காதோரம் வைத்துக் கேட்டார்கள். கருப்பட்டி வெடிக்காது ஐயா. பனை ஏறுகிறவர் விழுவதுண்டு, கருப்பட்டி வெடித்ததில்லை.

வேனுக்குள் உண்மையிலேயே வெடிக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அடுப்புக்கு வைத்திருந்த 5 கிலோ கேஸ் சிலிண்டர். அதன்மேல்தான் ஒரு காவலர் உட்கார்ந்து எங்கள் சாமான்களுக்குப் பட்டியல் எழுதினார்.

அடுத்து என்னிடம் வந்தார்கள். "இந்தம்மா யாரு?" கேள்வி என்னிடம் இல்லை, அவரிடம். மனைவி என்றார். ஆதாரம்? என் ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது, மாற்றச் சோம்பல். கல்யாணமாகி மகளுக்கே கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று. இந்த வயதில் வேனுக்குள் மெத்தை போட்டு ஒரு பெண்ணோடு ஊர் சுற்றுகிறவன் புருஷனாக இருக்க வாய்ப்பில்லை என்பது தங்கள் துறையின் நுண்ணறிவு. கழுத்தில் டார்ச் அடித்துத் தாலியைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் எதுவும் பேசவில்லை ஐயா. இப்போது பேசுகிறேன். அந்த டார்ச்சை எந்தச் சட்டப்படி என் கழுத்துக்கு அடித்தீர்கள்? பெண் காவலர் ஒருவர்கூட இல்லாமல் என் துணிமூட்டையைப் பிரிக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

போகட்டும். தாலியும் வெடிக்காது என உறுதியாயிற்று.

பிறகு வண்டியின் மேல் குற்றம். வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் இருப்பது தப்பாம். ஐயா, 2004இல் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலிலேயே சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் இருக்கிறது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தரநிலை வகுத்து, அதில் மேசை, படுக்கை, சமையல் வசதி எல்லாம் இருந்தாக வேண்டும் என்கிறார்கள். அரசாங்கப் புத்தகத்தில் அடுப்பு இல்லாவிட்டால் அது கேரவன் இல்லை. தங்கள் சாவடியில் அடுப்பு இருந்தால் அது வேன் இல்லை. தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவை வளர்க்கப்போவதாகச் சொல்கிறது. அதைத் தங்கள் அலுவலரிடம் சொன்னபோது, "கேரவனா? எந்த ஹீரோவுக்கு?" என்றார். அவருக்குத் தெரிந்த கேரவன் அது ஒன்றுதான்.

நாங்கள் வண்டியைக் கேரவனாக மாற்றும் வம்புக்கே போகவில்லை. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வண்டியில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. ராஜபாளையத்து ஆசாரி செய்து கொடுத்த பலகை. சீட்டின் மேல் போட்டால் கட்டில், எடுத்தால் வேன். பலகையைப் பிளந்து பார்க்கலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். தேக்கு ஐயா. வெடிக்காது, விலைதான் வெடி.

இத்தனைக்கும் நாங்கள் ஆசைப்பட்டுப் போனது பெரிய இடங்களுக்கெல்லாம் இல்லை. கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகக் கரிசலைத் தாண்டித் தூத்துக்குடி. அங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரை. காயாமொழிப் பக்கம் குதிரைமொழித் தேரி. ரத்தச் சிவப்பில் மணல் மேடு மேடாகக் கிடக்கும். காற்று அடிக்க அடிக்க மேட்டின் முதுகில் மணல் ஊர்ந்து போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் மட்டும் பச்சை மரமும் தண்ணீரும். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவுக்கு ஏவுதளம் கட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ராக்கெட் விடலாம். சிவகாசிக்காரர் அந்த வழியாகப் போகத்தான் கூடாது. மணப்பாட்டில் விடிகாலையில் வேனின் பின்கதவைத் தூக்கினால், குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே வள்ளத்தைத் தோள் கொடுத்து மணலேற்றுகிற ஆட்கள். கருப்பட்டிக் காபி போட்டுக் குடித்தோம். வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கும் கொடுத்தோம். அவர் எங்கள் ஊர் கேட்டார், சிவகாசி என்றோம். "பிள்ளைகளை அந்த வேலைக்கு விட்ராதீக" என்றார். அவருக்கு மட்டும் சிவகாசி என்றதும் ஆள் ஞாபகம் வந்தது.

ஒதுங்க ஓர் இடம் கிடைக்காமல் பெட்ரோல் பங்க் பெட்ரோல் பங்க்காகக் கெஞ்சியதைப் பற்றி எழுதவில்லை. பெண்கள் படிப்பார்கள், அவர்களுக்குத் தெரியாததில்லை.

ஐயா, 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். அங்கெல்லாம் பட்டாசு ஆலைகளில் வெடித்தது யாருடைய குக்கரும் இல்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதே நாலு காரணம் வெளியே வருகிறது: அறைக்குள் அளவுக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து, மரத்தடியில் வேலை, லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க உள்குத்தகை இன்னொருவர் கையில். மறுநாள் பேப்பரில் 'உராய்வு' என்று ஒரு வரி. போர்மேனைப் பிடிப்பீர்கள், நிவாரணம் அறிவிப்பீர்கள், அடுத்த சீசன் வந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிற ஊர் ஐயா எங்களுடையது. கூலிக்குப் போன பெண்கள் கரிக்கட்டையாக வந்த அந்தக் கொட்டகைகளுக்குள், வெடிக்கும் முன்னால், என் பாவாடையைப் பிரித்துப் பார்த்த அக்கறையில் பாதியாவது காட்டி யாராவது டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? அது வேறு துறை என்பீர்கள். ரோட்டில் நிற்கிறவளுக்கு எல்லாத் துறையும் ஒரே தொப்பிதான்.

மன்னிக்க வேண்டும். தங்கள் பெருந்தன்மையை மறந்து குரல் உயர்ந்துவிட்டது. வெடித்தது நான்தான், குக்கர் இன்னும் பத்திரமாக இருக்கிறது. கேஸ்கட் மட்டும் தங்கள் சாவடியிலேயே தங்கிவிட்டது. கிடைத்தால் திருப்பி அனுப்பவும். அதுவும் வெடிக்காது.

ஒன்றும் சிக்கவில்லை என்றானதும் தங்கள் அலுவலர் மிகவும் கனிவாகி, சாமான்களை நாங்களே எடுத்து வைப்பதை அருகில் நின்று மேற்பார்வையிட்டார். எல்லாம் ஏற்றி முடிந்ததும் என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, "தீபாவளிக்கு நம்ம ஸ்டேஷன் பிள்ளைகளுக்கு கிஃப்ட் பாக்ஸ் ஃபேக்டரி ரேட்டுக்குக் கிடைக்குமா சார்?" என்றார். அதுவரை "யோவ்"வாக இருந்தவர் அந்த நிமிஷம் சார் ஆனார். நம்பரும் கொடுத்திருக்கிறார். இரண்டு முறை கூப்பிட்டும்விட்டார்.

அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் தங்கள் வழியாகவே தெரிவித்துக்கொள்கிறேன். பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரயிலில் கொண்டுவந்தால் குற்றம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எங்கள் வேனில் கொண்டுவந்து தரலாம் என்றால், வழியில் தங்கள் சாவடி இருக்கிறது. ஆகவே அவரே நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். சாத்தூர் ரோட்டில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. ரேட்டைப் பேசி முடித்துத் தருகிறோம். திரும்பும்போது குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சோதனைகளுக்கு என்றும் உட்பட்ட,
டி.என். 67 ஈக்கோவின் பின்சீட்டுக்காரி