பேனர் இலக்கணம்: காசிமேட்டில் ஃப்ளெக்ஸ் கடை தேர்வது குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

பெண் பார்க்க ஜாதகம் இருக்கிறது. வீடு பார்க்க வாஸ்து இருக்கிறது. அரசாங்கம் ரோடு போட ஆள் பிடிப்பதற்குக்கூட 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. நாளை மறுநாள் காதணி விழா, பத்துக்கு எட்டில் ஒரு பேனர் வேண்டும், எந்தக் கடையில் கொடுப்பது என்று கேட்டால் மட்டும் இரண்டாயிரம் ஆண்டு இலக்கண மரபு வாய் திறப்பதில்லை. இக்குறை போக்கவே இந்நூல் எழுந்தது.

களமாகக் காசிமேடு கொள்ளப்பட்டது. இங்கே வடிவமைப்புக் கலை நிலத்திலும் நடக்கிறது, நீரிலும் நடக்கிறது. தெருவில் ஃப்ளெக்ஸ், மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகின் முகப்பில் பெயின்டர் கையால் எழுதும் பெயர். முன்னதை வெயில் சோதிக்கிறது, பின்னதை உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் பணம் கொடுப்பவர் பல சமயம் ஒரே ஆள்.

முன்னோர் கொள்கைகள்

கடை தேர்வதில் இதுவரை மூன்று கொள்கையினர் உளர்.

முதலாமவர் மலிவியர். கடைக்குள் கால் வைக்கும் முன்பே, "சதுர அடி இன்னா ரேட்டு?" என்பது இவர்கள் தாரக மந்திரம். மேற்படி டெண்டர் சட்டமும் ஏறத்தாழ இந்தக் கட்சிதான். தமக்குச் சான்றாக இவர்கள் நைக்கி கம்பெனியைக் காட்டலாம்: அந்த டிக் குறியை 1971-இல் வரைந்த மாணவி கரோலின் டேவிட்சனுக்குக் கிடைத்த கூலி 35 டாலர். அதே கம்பெனி 1983-இல் அவரைக் கூப்பிட்டுப் பங்குகள் கொடுத்ததை மட்டும் சொல்லாமல் விடுவார்கள்.

இரண்டாமவர் மாதிரியர். கடைக்காரர் செல்போனில் தள்ளித் தள்ளிக் காட்டும் படங்களில் மயங்குபவர். அந்தப் படங்களில் எவை அந்தக் கடையில் பிறந்தவை, எவை வாட்ஸ்அப்பில் வந்து குடியேறியவை என்று இவர்கள் விசாரிப்பதில்லை.

மூன்றாமவர் மச்சானியர். "நம்ம மச்சான் கடை இருக்கும்போது வெளியில எதுக்கு?" என்பவர். வேலை கெட்டால் திட்ட முடியாது, பில் கேட்க முடியாது, அடுத்த விசேஷத்துக்குக் கடை மாற்றவும் முடியாது. மூன்றில் இதுவே ஆயுள் தண்டனை.

எம் கொள்கை இம்மூன்றிலும் வேறு: கேள்வி கேட்கிற கடையே நல்ல கடை. தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரம் வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல் வைத்தார். அதிகாரத்தை மட்டும் நாமும் எடுத்துக்கொள்கிறோம். இயல்களுக்கு நேரமில்லை, கடை பத்து மணிக்குச் சாத்திவிடும்.

எழுத்ததிகாரம்

நூற்பா: திருப்பிப் படித்துக் காட்டாத கடையில் திருத்தம் கேட்பது வீண்.

உரை: வாடிக்கையாளர் செல்போனில் அனுப்பும் தமிழ் யூனிகோடில் வருகிறது. பல கடைகளின் கணினிகளிலோ இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களே ஆட்சி செய்கின்றன. ஆகவே டிசைன் செய்யும் பையன் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்கிறான். அவன் காதில் தங்கியிருக்கும் ஒலி அப்போது கைக்கு வருகிறது. 'காதணி விழா' 'காதணி விலா' ஆகிறது. கண்ணீர் அஞ்சலியில் மூன்று சுழி இரண்டு சுழியாகிறது. இதே கோப்பை அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும்.

பிழை எங்கும் நேரும். நல்ல கடை, மிஷினில் ஏற்றுவதற்கு முன் ஆளை உட்காரவைத்து, "சண்முகமா, ஷண்முகமா? இனிஷியல் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்கும். இனிஷியல் என்பது எழுத்தளவில் சிறியது. தகப்பன் பெயர் என்ற அளவில் அடிதடிக்குப் போதுமானது.

படகுக்கு இவ்விதி இன்னும் கடுமை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவான விசைப்படகுக்கு எண் உண்டு. அந்த எண்ணில் ஓர் இலக்கம் தவறினால், ஓனர் பதில் சொல்ல வேண்டியது தமிழாசிரியருக்கு அல்ல, ரோந்து வருகிறவர்களுக்கு. எண்ணை வாயால் கேட்டு எழுதும் பெயின்டரைத் தவிர்க்க. "படகு புக்கை எடுத்தாண்ணா, பார்த்து எழுதிக்கிறேன்" என்பவரைக் கொள்க.

சொல்லதிகாரம்

நூற்பா: முடியாது என்று சொல்லத் தெரிந்தவரே முடித்துத் தருவார்.

உரை: தமிழுக்குக் காலம் மூன்று. டிசைன் தொழிலுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. நடக்காததை நடந்துகொண்டிருப்பதாகச் சொல்லும் காலம் அது. எடுத்துக்காட்டு:

"மிஷின்ல ஓடிகினு கீதுண்ணா": டிசைன் இன்னும் தொடங்கவில்லை.

"கலர் காயணும்ணா": இப்போதுதான் தொடங்கியது.

"பையன் எடுத்துகினு வந்துனே கீறான்": பையன் டீக்கடையில் இருக்கிறான்.

"நீங்கதானே ஓகே சொன்னீங்க?": பிழையைக் கடைக்காரர் உங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்.

நான்காம் காலம் செல்லாத இடம் ஒன்று உண்டு. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். மராமத்து, வலை வேலை, பெயின்ட் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். தடை விலகும் இரவில் படகு கிளம்பியே தீரும். அரைகுறையாக எழுதிய பெயரோடாவது கிளம்பும். அதனால் நல்ல பெயின்டர் மே மாதமே, "இந்த சீசன் கை ரொம்பிடுச்சு தலைவா, வேற ஆளைப் பாரு" என்கிறார். அப்படிச் சொன்னவரிடம்தான் அடுத்த ஆண்டு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

இது காசிமேட்டின் தனி வழக்கு அன்று. ஸ்டீவ் ஜாப்ஸ் 1986-இல் தம் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ வேண்டி பால் ராண்ட் என்ற வடிவமைப்பாளரிடம் போனார். சில மாதிரிகள் போட்டுக் காட்ட முடியுமா என்றார். முடியாது, ஒன்றுதான் தருவேன், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பணம் வர வேண்டும் என்றார் ராண்ட். கூலி 1 லட்சம் டாலர். கூலி வாங்காமல் மாதிரி வரைந்து காட்டக் கூடாது என்பது ஏஐஜிஏ என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கத்தின் நெடுநாள் நிலைப்பாடும்கூட. இதே கோட்பாட்டை நம் கடைக்காரர்கள் இன்னும் சுருக்கமாகச் சொல்கிறார்கள்: "அட்வான்ஸ் போட்டுட்டுப் பேசுண்ணா."

பொருளதிகாரம்

இது அகம், புறம் என இருவகைத்து. பேனருக்கு உள்ளே இருப்பது அகம். பேனர் கட்டப்படும் தெரு புறம்.

அகத்துக்கு நூற்பா: நிறம் கேட்குமுன் உறவு கேட்பவன் டிசைனர்.

உரை: காதணி விழாவில் குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். பேனரில் அவர் முகம் சித்தப்பா முகத்தைவிட ஒரு விரல் சிறுத்தாலும் விழா நடக்கும், சீர்வரிசை வருவதுதான் சந்தேகம். கீழ் வரிசையில் நண்பர்களின் பாஸ்போர்ட் படங்கள் வேறு. ஒருவன் விடுபட்டால் அவன் தனியாக ஒரு பேனர் அடிப்பான். உயிரோடிருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். அதை எல்லோரும் கடைப்பிடித்திருந்தால் தாய்மாமன் சிக்கல் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். வடசென்னையில் பாதிப் பேனர் வெள்ளையாகத் தொங்கியிருக்கும்.

புறத்துக்கு நூற்பா: எங்கே கட்டப் போகிறாய் என்று கேட்காதவன் கையில் எதையும் கொடுக்காதே.

உரை: ஃப்ளெக்ஸ் பேனரைச் சவுக்குக் கட்டையில் இழுத்துக் கட்டினால் அது பாய்மரம். காசிமேட்டில் கடல் காற்றுக்குப் பஞ்சமில்லை. இங்கே ஆய்வாளர் நகைச்சுவையைச் சற்று நிறுத்திக்கொள்கிறார். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் அனுமதி இல்லாமல் வைத்த கல்யாண பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் மீது விழுந்தது. நிலைகுலைந்து விழுந்தவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் இறந்துபோனார். வைத்தவர்கள்மேல் வழக்கு வந்தது. அச்சிட்ட அச்சகத்துக்கும் சீல் வைத்தார்கள். அனுமதி எண்ணும் அச்சிட்டவர் பெயரும் பேனரிலேயே இருக்க வேண்டும் என்ற விதி அதற்கு முன்பும் இருந்தது. "பர்மிஷன் லெட்டர் கீதா?" என்று கேட்டு, இல்லையென்றால் ஆர்டரைத் திருப்பி அனுப்பும் கடைக்கு அன்றாட வியாபாரத்தில் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைத் தாங்கும் கடையைத்தான் நாம் தேடுகிறோம்.

புறனடை

எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் சாவு விழுகிறது. காலையில் சொந்தக்காரர்கள் வரும் முன் கண்ணீர் அஞ்சலிப் படம் தெருமுனையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரேட்டு விசாரிக்க மலிவியருக்கு வாய் வராது, படம் பார்க்க மாதிரியருக்குக் கண் தெரியாது. தெரிந்த கடைக்காரருக்கு ஒரு போன், அவ்வளவுதான். அவர் கேட்பது எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை மட்டும். இனிஷியல் அவருக்குத் தெரியும். பேத்தி காதணி விழாவுக்கு அடித்த பேனரில் தாத்தா படம் இருந்தது. கோப்பு கடையிலேயே இருக்கிறது. கைலியோடு எடுத்த படமென்றாலும் விடிவதற்குள் அதில் வெள்ளைச் சட்டை ஏறிவிடும். அட்வான்ஸ் பேச்சே எழாது. ஆண்டெல்லாம் அத்தனை கேள்வி கேட்ட கடைதான் இந்த ஒரு ராத்திரி கேள்வியே கேட்காமல் வேலை செய்ய முடியும். ஆகவே ஒரு கடையைச் சோதிக்க விரும்புவோர், முதலாம் ஆண்டு நினைவஞ்சலிப் பேனர்களின் அடியில் எந்தக் கடைப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் போதும்.

மேலாய்வுக்கு உரியவை

இடம் போதாமையால் விடுபட்டவை: வட்டச் செயலாளர்களின் தலைமுடி பேனரில் மட்டும் நரைக்காமல் இருப்பது எவ்வாறு, ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் 'வாழ்த்த வயதில்லை' என்று கையெழுத்திடுவது ஏன், விழா முடிந்த மறுநாள் தாய்மாமன் முகம் யார் வீட்டுக் கூரைக்கு ஒழுகல் மறைக்கப் போகிறது. மூன்றாவது தலைப்பில் ஆய்வு செய்ய முன்வருவோர், தாய்மாமனிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுதல் நலம்.