தம்பி எடுத்த பரங்கிக்காய்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்தினின்று பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான மகத்தான சமாசாரத்தைத் தோஹாவிலிருக்கும் என் தம்பிக்கு ஒற்றை வரியில் தெரிவித்துவிட்டு, நடவுக் கூலி, வெள்ளிமலைக் கடுக்காயின் விலை, ஆலயப் பாடகர் குழுவில் தமக்கு முன்வரிசை பறிபோன துக்கம் ஆகியவற்றையெல்லாம் குரல்பதிவுகளாக விஸ்தரித்தார் எங்கள் அத்தை. இன்லண்ட் கடிதக் காலத்தில், ‘கர்த்தருக்குள் அன்பான’ என்று தொடங்கி க்ஷேமம் விசாரித்து முடிப்பதற்குள் தாளே தீர்ந்துவிடுமாதலால், குடும்ப ரகசியங்கள் ஓரளவு பத்திரமாயிருந்தன. இப்போதோ, அறுப்பின் பண்டிகை ஏலத்தை அவர் வீடியோ காலில் காட்டப்போக, அவன் அங்கிருந்தபடியே ஒரு பரங்கிக்காயை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு எடுத்துவிட்டான். பணத்தைக் கட்டியவர் அத்தை; அவனோ, “குழம்பு வைத்தாயிற்றா அத்தை?” என்று மட்டும் தவறாமல் விசாரிக்கிறான். கல்வராயன் மலை ஏறினால்தான் சிக்னல் போகும் என்றிருந்தோம். ஏலத்தொகையைப் பற்றிப் பேச்செடுத்தால் தோஹாவிலும் போய்விடுகிறது.