மாப்பிள்ளையும் எட்டு வயரும்

எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மருதமுனையோ, கல்முனைக்குடியோ, சாய்ந்தமருதோ, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவதுதான் வழக்கம். ஆகவே நான் பிரதான குடியிருப்பாளர் என்பது வாக்காளர் இடாப்புப் படிவத்தில் மட்டுமே செல்லும். சுவரில் ஆணி அடிக்கவே மாமியின் சம்மதம் வேண்டும். ஓட்டை போடுவதென்றால் சொல்லவே தேவையில்லை.

ஆனாலும் ஓட்டை தேவைப்பட்டது. ரவுட்டர் முன் விறாந்தையில். மகளின் ஒன்லைன் வகுப்பு பின்னறையில். இடையில் மூன்று சுவர். வை-ஃபை இரண்டாவது சுவரிலேயே களைத்து உட்கார்ந்துவிடும். வயர் இழுப்பதுதான் வழி என்று சபையில் முன்வைத்தேன்.

"இந்த வயர் எவ்வளவு தூரம் போகும் மருமகன்?"

"100 மீற்றர் வரைக்கும் போகும் மாமி."

"அப்பிடியெண்டா வெளியால சுத்திக் கொண்டு போங்க."

அறிவைக் காட்டப் போய் வழக்கில் தோற்றவன் நான். வெளியால் போகும் வயருக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும் என்று அதற்கும் தனியாகக் காசு போனது. வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை. கெட் 5இ வயரே அந்த 100 மீற்றருக்கும் 1 ஜிகாபிட் கொண்டுபோகும்.

உறையை உரித்தால் உள்ளே எட்டு வயர், இரண்டிரண்டாக முறுக்கி நாலு சோடி. மனைவி மருதமுனைத் தறிவீட்டுப் பிள்ளை. எடுத்து ஒருமுறைதான் பார்த்தாள்.

"நாலும் ஒரே முறுக்கு இல்லியே. இது நெருக்கமா இரிக்கி, இது தளர்வு."

நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் விரலால் கண்டுபிடித்துவிட்டாள். நாலு சோடிக்கும் ஒரே முறுக்கு என்றால், ஒரு சோடியின் பேச்சு பக்கத்துச் சோடிக்குள் ஏறிவிடும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு.

முறுக்குவது எதற்கு? ஒரு சோடியின் இரு வயரிலும் ஒரே செய்திதான் போகிறது, ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. ஃபிரிட்ஜ், மின்விசிறி, டியூப் லைட் கிளப்பும் இரைச்சல், முறுக்கிய இரண்டிலும் ஏறத்தாழச் சமமாகவே படியும். மறுமுனையில் உள்ள கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். இரைச்சல் அடிபட்டுச் செய்தி மிஞ்சும். டெலிபோனுக்கென்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மாமியும் மனைவியும் எதிரெதிராகச் சொல்வதைக் கழித்து உண்மையை எடுக்கும் கருவியைத்தான் அவர் செய்யாமல் போய்விட்டார்.

அடுத்தது பிளக்கில் வயர்கள் ஏறும் நிற வரிசை. வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். பச்சைச் சோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய டெலிபோன் பிளக்கில் நடு இரண்டு முனையும் முதல் லைனுக்கு, அதற்கு இருபுறமும் இரண்டாவது லைனுக்கு. அந்த வழக்கத்தின் மிச்சம் இது.

"பச்சையப் பச்சையோட வெச்சா வடிவா இரிக்குமே," என்றாள் மனைவி.

வடிவாகத்தான் இருக்கும். வயரைச் சோதிக்கும் டெஸ்டரிலும் எட்டு லைட்டும் வரிசையாக எரியும். ஆனால் ஒரே செய்தியைச் சுமக்க வேண்டிய 3ஆம், 6ஆம் முனைகள் வெவ்வேறு சோடிக்குப் போய்விடும். முறுக்கின் பயன் அத்தோடு போச்சு. மலிவான டெஸ்டருக்கு வயர் அறுந்ததா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அந்த லைட்டைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்துவதற்கென்றே என்னைப் போன்ற வீட்டுத் தலைவர்களைப் படைத்திருக்கிறான்.

பிளக் பூட்டும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கை அவிழ்க்காதீர்கள். வாங்கும்போது விலை மலிந்திருந்தால் பெட்டியில் சி.சி.ஏ. என்று இருக்கிறதா பாருங்கள். அது செம்பு பூசிய அலுமினியம், மடித்தால் சீக்கிரம் முறியும். ஒரு வயரைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.